பழைய மரப்பாலத்தில் லாரி ஏறினால் எவ்வளவு தொய்யும்? அளப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, அச்சன்கோவில் என்று மலைக்குள் போனால் ஓடைக்கு ஓடை பாலம். பெரிய ரோட்டில் எல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது. தோட்டங்களுக்குள்ளும், காட்டில் மரம் வெட்டிக் கொண்டுவரப் போட்ட கூப்பு ரோடுகளிலும் மர உத்திரத்தின் மேல் பலகை அடித்த பாலங்கள் இன்னும் நிற்கின்றன. முன்பு மாட்டுவண்டியும் ஜீப்பும் போன பாலத்தில் இப்போது எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் வருகிறது. தோட்ட மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் சின்ன ஒப்பந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பாலம் தாங்குமா தாங்காதா என்று பார்த்தாலே தெரியாதா? அளந்துதான் ஆகவேண்டுமா?

வெளியே தெரிகிற கேடு கண்ணில் படும்: பிளவு, காளான், கரையான் மண், துருப்பிடித்த போல்ட். உத்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பலகை உட்காரும் மேல்முகத்தில்தான் தண்ணீர் தேங்கும். அங்கேதான் முதலில் உளுக்கும். கீழே ஓடையில் இறங்கி அண்ணாந்து பார்ப்பவருக்கு அடிமுகம் வைரம் பாய்ந்த மாதிரி பளிச்சென்று இருக்கும். ஒரு தெரிந்த எடையை ஏற்றி, எவ்வளவு தொய்கிறது, இறக்கியபின் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் அந்த உத்திரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பதில் கிடைக்கும்.

அளவு மட்டும் போதும் என்று சொல்லவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பதும் முதலில் வரவேண்டும். தட்டும்போது டொக்கு டொக்கென்று பொத்தலாகக் கேட்கிற பாலத்தில் லாரி ஏற்றிச் சோதிக்கவே கூடாது.

புனலூர் தூக்குப்பாலத்தில் ஆனையை நடக்கவிட்டுச் சோதித்தார்களாமே?

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் யாரும் பாலம் பற்றிப் பேசுவதில்லை. கல்லடையாற்றின் மேல் இருக்கிற அந்தப் பாலம் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைத்தது. 1877இல் கட்டியது, நீளம் சுமார் 400 அடி. இரும்புச் சங்கிலியில் தொங்கும் தளத்துக்குக் கம்பகம் என்று அங்கே சொல்கிற மரத்தின் பலகைகள். ஆறு ஆனைகளை மேலே நடக்கவிட்டு, பொறியாளர் தன் குடும்பத்தோடு கீழே தோணியில் போனார் என்பது ஊர்வழக்கு. இன்று நடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பாலம். வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் உண்டு.

சோதனை என்ற முறையில் அதில் ஒரு நல்ல விஷயமும் ஒரு குறையும் இருக்கின்றன. பாலம் திறக்கும் முன்பே உண்மையான எடையை ஏற்றிப் பார்த்தது நல்லது. ஆனால் ஒடியவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் அதிலிருந்து தெரியாது. ஆனைகள் ஏறியபோது தளம் எத்தனை அங்குலம் இறங்கியது, அவை போனபின் பழைய இடத்துக்கு வந்ததா என்பதற்குக் கதையில் பதில் இல்லை. இன்னொன்று, வளர்ந்த ஆனை மூன்றிலிருந்து ஐந்து டன் இருக்கும். ஆறும் சேர்ந்தால் கனமான எடைதான், ஆனால் நீளமாகப் பரவிய எடை. இன்றைய ரெண்டு அச்சு லாரியின் பின்அச்சு ஒன்றுக்கே சட்டப்படி 11.5 டன் வரை அனுமதி. அது ஓர் இடத்தில் இறங்கும். தோட்டத்துப் பாலத்துக்கு ஆனை வரிசையைவிட அந்தப் பின்அச்சுதான் கடுமை.

கீழே தோணியில் உட்காரும் பகுதியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். எடை மேலே இருக்கும்போது பாலத்தின் அடியில் ஒருத்தரும் நிற்கக்கூடாது.

எந்தக் கருவியால் அளப்பது?

ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை உள்ள இடைவெளியைத்தான் கண் என்கிறோம். நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் கண் உள்ள பாலத்தில் நாம் தேடுவது சில மில்லிமீட்டர். அதனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது நம்பிப் படிக்க முடிகிற கருவி வேண்டும். டயல் கேஜ் அதற்குப் போதும், கைக்கும் அடங்கும். லேத் பட்டறையில் இருக்குமே, அதேதான். முகத்தில் 100 கோடு, ஒரு கோடு 0.01 மி.மீ., முள் ஒரு சுற்று வந்தால் 1 மி.மீ. வாங்கும்போது தண்டு 25 அல்லது 50 மி.மீ. ஓடுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். பட்டறையில் வைத்திருக்கிற 10 மி.மீ. கேஜ் இந்த வேலைக்குக் குட்டை.

கேஜைப் பாலத்தில் மாட்டுவதில் அர்த்தமில்லை, பாலமே இறங்குகிறதே. அசையாத ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தால், படுகையில் ரெண்டு ஜி.ஐ. குழாயை ஆழமாக அடித்து, குறுக்கே ஒரு குழாயைக் கிளாம்ப் போட்டு அதில் கேஜை நிறுத்தலாம். உத்திரம் உயரத்தில் இருந்தால் நடுமையத்தில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டு, நுனியில் ரெண்டு மூன்று கிலோ இரும்பைக் கட்டுங்கள். அந்த இரும்பின் அடிமுகம் கேஜின் தண்டைத் தொடட்டும். உத்திரம் இறங்கினால் இரும்பும் அதே அளவு இறங்கும். தண்டு உள்ளே போகும் என்பதால், தொடங்கும்போது தண்டு முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கம்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எஃகு வெயிலில் நீளும். மூன்று மீட்டர் கம்பி 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளும். காலை ஏழு மணிக்குப் பூஜ்யம் வைத்து, பதினோரு மணி வெயிலில் கடைசி அளவை எடுத்தால், பாலம் திரும்பவில்லை என்று கேஜ் சொல்லும். உண்மையில் கம்பிதான் நீண்டிருக்கும். மேகமூட்டமான நாளோ விடியற்காலையோ நல்லது.

குழாய் அடிக்க முடியாத ஆழமான ஓடை என்றால், உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு எஃகு ஸ்கேலை நிமிர்த்து ஒட்டிவிட்டு, கரையில் ஆட்டோ லெவல் (சர்வேயர்கள் மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் படியுங்கள். ஒரு மில்லிமீட்டர் வரை நம்பலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. கையில் பிடிக்கிற லேசர் மீட்டரின் துல்லியமும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். நான் அதைக் கண்ணின் நீளம் அளப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

செல்போன் கேமரா போதாதா?

துணைக்குப் போதும். டயல் கேஜுக்கு முன்னால் போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ ஓடவிடுங்கள். முள் எத்தனை சுற்று வந்தது என்பதை எண்ணத் தவறினாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே ஆள் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. மேலே நிற்பவர் “முன்அச்சு நடுவில்”, “பின்அச்சு நடுவில்” என்று சத்தமாகச் சொன்னால் அதுவும் பதிவாகும்.

நடுவில் மட்டும் அளந்தால் போதுமா?

போதாது. பெரும்பாலான தவறான கணக்கு இங்கேதான் பிறக்கிறது. உத்திரத்தின் ரெண்டு நுனியும் கருங்கல் கட்டின் மேல் ஒரு மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மரத்தை நீளவாக்கில் அழுத்துவது வேறு, குறுக்குவாக்கில் அழுத்துவது வேறு. குறுக்கில் அதன் விறைப்பு இருபதில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அந்தச் சட்டம் நனைந்து ஊறியிருந்தால் எடை ஏறும்போது ரொட்டி மாதிரி நசுங்கும். நுனிகள் இறங்கினால் நடுவும் கூடவே இறங்கும்.

ஆக மூன்று கேஜ்: நடுவில் ஒன்று, தாங்கும் இடத்துக்கு நேர் மேலே ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று. நடுவில் 9.4 மி.மீ., இடதில் 1.8, வலதில் 1.2 என்று வந்தால், நுனிகளின் சராசரி 1.5. அதைக் கழித்தால் உத்திரம் வளைந்தது 7.9 மி.மீ. மட்டுமே. மீதியைச் சரிசெய்ய உத்திரத்தை மாற்ற வேண்டாம், சட்டத்தை மாற்றினால் போதும். செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று மேஸ்திரிகளுக்குத் தெரியும்.

எடைக்கு எதை ஏற்றுவது?

எடை தெரிந்த வண்டி. டிப்பர்காரர் “பத்து டன் இருக்கும்” என்று சொல்வது எடை ஆகாது. எடைமேடையில் மொத்தத்தையும், பின்அச்சை மட்டும் மேடையில் நிறுத்தி அதன் எடையையும் தனித்தனியாக எடுத்துச் சீட்டு வாங்குங்கள். பாலத்துக்கு அச்சு எடைதான் முக்கியம். முதலில் காலி வண்டி, அப்புறம் கால் லோடு, அரை லோடு என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தைப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் நின்றால்தான் ஒரு அளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

எடைமேடைக்கு இறங்கிவர முடியாத உள்தோட்டங்களில் எனக்குப் பிடித்த வழி தண்ணீர்த் தொட்டி. 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கைக் காலியாக நடுவில் வைத்து, ஓடையிலிருந்தே மோட்டார் போட்டு நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், எடைமேடைச் சீட்டே வேண்டாம். கால் டேங்க், அரை டேங்க் என்று நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். பாலத்தின் மேல் ஆளே தேவையில்லை. முள் சந்தேகமாக ஓடினால் கரையில் நின்றபடியே, முன்பே கட்டிவைத்த கயிற்றை இழுத்து வால்வைத் திறந்துவிடலாம். எடை தானாக வடிந்துவிடும். உடைகிற மாதிரி சத்தம் வருகிற பாலத்தின் நடுவில் இருந்து லாரியை அப்படி எடுக்க முடியுமா? ஓர் உத்திரத்துக்கு ரெண்டு டன் ஏற்றிப் பார்க்க இப்படி ரெண்டு டேங்க் இருந்தால் போதும்.

மணல்மூட்டை வேண்டாம். காய்ந்த மணலுக்கும் சாரலில் நனைந்த மணலுக்கும் எடை வேறு.

எவ்வளவு தொய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

போட்டுக்கொண்டு போவதுதான் முறை. எதிர்பார்க்கும் எண் கையில் இல்லாமல் கேஜைப் படிப்பதில் பயனில்லை.

ரெண்டு நுனியில் தாங்கிய உத்திரத்தின் நடுவில் எடை வைத்தால், தொய்வு = எடை × கண்ணின் நீளத்தின் மும்மடி ÷ (48 × மரத்தின் யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன்). யங் குணகம் என்பது மரத்தின் விறைப்பைச் சொல்லும் எண். நிலைமத் திருப்புத்திறன் உத்திரத்தின் குறுக்குவெட்டைப் பொறுத்தது. செவ்வக உத்திரத்துக்கு அது, அகலம் × உயரத்தின் மும்மடி ÷ 12. உதாரணத்துக்கு 4 மீட்டர் கண், 200 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரம். தேக்கு என்று வைத்து யங் குணகம் சுமார் 10,000 நியூட்டன்/சதுர மி.மீ. என்று எடுத்தால், ரெண்டு டன்னுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. வரும்.

மும்மடி என்பதைக் கவனியுங்கள். அதே உத்திரத்தை 5 மீட்டர் கண்ணில் வைத்தால் தொய்வு 6 இல்லை, கிட்டத்தட்ட 12. உயரத்துக்கும் அதே கதை, ஆனால் தலைகீழாக. மேல்முகத்தில் ஓர் அங்குலம் உளுத்துப் போய் 300 மி.மீ. உயரம் 275 ஆகிவிட்டால், மரத்தில் போனது 8 சதவீதம்தான், தொய்வு கூடுவதோ 30 சதவீதம். வெளியே தெரியாத உளுப்பை டயல் கேஜ் பிடிப்பது இப்படித்தான். கணக்கில் 6 வரவேண்டிய இடத்தில் 8 வந்தால், மேலே பலகையைப் பெயர்த்துப் பாருங்கள்.

எவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து?

மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 883, ஓடு, கல்நார் ஷீட் போல எளிதில் வெடிக்கும் பொருளைத் தாங்கும் உத்திரத்துக்குக் கண்ணின் நீளத்தில் 360இல் ஒரு பங்கும், மற்றவற்றுக்கு 240இல் ஒரு பங்கும் எல்லை என்கிறது. 4 மீட்டருக்கு 240இல் ஒரு பங்கு என்றால் சுமார் 17 மி.மீ. அது கட்டடத்தை மனதில் வைத்து எழுதியது. அமெரிக்கப் பால விதிகளில் வண்டி போகும் மரப்பாலத்துக்கு 425இல் ஒரு பங்கு, அதாவது 4 மீட்டருக்கு 9 மி.மீ. சொச்சம். பழைய பாலத்துக்கு நான் இந்த ரெண்டாவதைத்தான் மனதில் வைக்கிறேன்.

மேலே சொன்ன 200க்கு 300 உத்திரத்தின் மேல், 11.5 டன் பின்அச்சின் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் நேராக உட்கார்ந்தால் 5.75 டன். பலகை எடையைப் பகிர்ந்து கொடுக்காவிட்டால் தொய்வு 17 மி.மீ. பக்கம் போகும். நல்ல மரத்திலேயே இந்த நிலைமை.

ஆனாலும் எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பாலம் நல்லது என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை. தடிமனான உத்திரம் உள்ளே கெட்டிருந்தாலும் எல்லைக்குள்தான் நிற்கும். மெல்லிய நல்ல உத்திரம் எல்லையைத் தாண்டினாலும் வருடக்கணக்கில் வேலை செய்யும். அதைவிட, எடை கூடக்கூடத் தொய்வு ஒரே விகிதத்தில் கூடுகிறதா என்று பாருங்கள். ஒரு டன்னுக்கு 3, ரெண்டுக்கு 6, மூன்றுக்கு 9 என்றால் சரி. நான்காவது டன்னுக்கு 12க்குப் பதில் 14 என்று வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். நார் எங்கோ விட ஆரம்பித்திருக்கிறது.

எடையை இறக்கியபின் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. பாலம் போச்சா?

பதற வேண்டாம். முள் திரும்புகிற விதத்தில்தான் பாலத்தின் முழு ஜாதகமும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதல் தடவை எடை ஏறும்போது பலகை உத்திரத்தில் உட்காரும், போல்ட் துளையில் நகரும், நுனி சட்டத்தில் அழுந்தும். இதெல்லாம் மரம் வளைவது இல்லை, ஆனால் கேஜுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், வண்டியை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, அப்புறம் பூஜ்யம் வையுங்கள். அதற்குப்பின் மூன்று முறை ஒரே எடையை ஏற்றி இறக்குங்கள். மிச்சத்தொய்வு 0.4, 0.1, 0 என்று தேய்ந்துகொண்டே போனால் பாலம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். 0.6, 0.6, 0.7 என்று குறையாமலே வந்துகொண்டிருந்தால் ஏதோ ஒன்று ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுக்கிறது. அன்றைக்கு அதோடு சோதனையை நிறுத்தி, பாலத்துக்குச் சங்கிலி போடுங்கள்.

அடுத்தது, எடையை மேலேயே வைத்துக் காத்திருப்பது. லாரியை இன்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, டிரைவரையும் இறக்கிவிட்டு 15 நிமிடம் நிறுத்துங்கள். முள் ஓடிக்கொண்டே இருக்கும். மரத்தின் சுபாவம் அது, நின்ற எடைக்கு மெல்ல மெல்ல இணங்கும். நல்ல உத்திரத்தில் முதல் நிமிடத்தில் மூன்று நான்கு கோடு, அடுத்த ஐந்து நிமிடத்தில் ரெண்டு கோடு, அப்புறம் ஒரு கோடு நகர்வதைப் பார்க்கக் கண் வலிக்கும். கெட்ட உத்திரத்தில் அந்தத் தளர்ச்சி வராது. பத்தாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தின் வேகத்திலேயே முள் போகும். எத்தனை கோடு என்பதைவிட வேகம் குறைகிறதா என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இறக்கியபின்னும் அதேபோலத்தான். பெரும்பகுதி உடனே திரும்பும், ஒரு பகுதி மணிக்கணக்கில் திரும்பும், கொஞ்சம் திரும்பவே திரும்பாது. உடனே ஒரு அளவு, அரைமணி கழித்து ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று எடுப்பது என் வழக்கம்.

கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456இல் ஒரு விதி உண்டு: 24 மணி நேரம் எடை நிறுத்தி இறக்கியபின், அடுத்த 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 75 சதவீதமாவது திரும்ப வேண்டும். அதை அப்படியே மரப்பாலத்துக்கு எடுத்து எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். மரத்துக்கு அது பொருந்தாது. சில நிமிடமே நின்ற எடைக்கு மரம் 75 மட்டும் திரும்பினால் அது நல்ல செய்தி இல்லை.

நீண்ட நாள் நிற்கும் எடை இவ்வளவு கெடுதலா?

ஆமாம். மரம் சில நிமிடத்துக்குத் தாங்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் பத்து வருடத்துக்குத் தாங்கும். பிரெஞ்சு அறிஞர் புஃபோன் 18ஆம் நூற்றாண்டிலேயே பெரிய ஓக் உத்திரங்களில் எடை ஏற்றி வைத்துக் காத்திருந்து இதைக் கண்டார். உடைக்கும் எடையில் பாதிக்கு மேல் நிரந்தரமாக ஏற்றக்கூடாது என்பது அவர் வைத்த எல்லை. தோட்டத்தில் இதற்கு நடைமுறை அர்த்தம் ஒன்றுதான்: பாலத்தை லாரி கடக்கலாம், பாலத்தின் மேல் லாரி நின்று லோடு இறக்கக் கூடாது. விறகும் ஜல்லியும் பாலத்தின் ஓரத்திலேயே குவித்து வைக்கிறார்களே, அது அதைவிட மோசம்.

மழைக்காலத்தில் அளக்கலாமா, கோடையிலா?

ரெண்டிலும். கோடையில் காய்ந்த மரம் விறைப்பாக இருக்கும். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் அடித்துத் தள்ளும்போது அதே உத்திரம் நீரை உறிஞ்சி, விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இருக்கும் மரம் நிரந்தரமாகத் தொய்வதும் அதிகம். ஐரோப்பிய விதிநூலில் கூரைக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு, நாளடைவில் கூடும் தொய்வுக்கான கெழு 0.6. மழையில் கிடப்பதற்கு அதுவே 2. அதாவது முதல் நாள் தொய்வைப்போல இன்னும் ரெண்டு மடங்கு மேலே சேரும்.

போன மார்ச்சில் 6, இந்த ஜூலையில் 7 என்று வந்ததும் பாலம் கெட்டுவிட்டது என்று ஓட வேண்டாம். மார்ச்சை மார்ச்சோடு ஒப்பிடுங்கள். கையில் ஈரப்பத மீட்டர் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஈரத்தையும் எழுதிவையுங்கள்.

ஒரு உத்திரம் மட்டும் அசையவே இல்லை. அதுதான் நல்ல உத்திரமா?

பெரும்பாலும் அது வேலையே செய்யாத உத்திரம். சுருங்கியோ சட்டம் அழுந்தியோ, பலகைக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். பலகை அந்த இடைவெளியைக் கடந்து வந்து தொடும்வரை கேஜ் தூங்கும். பக்கத்து ரெண்டு உத்திரங்கள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். ஒரு மெல்லிய தகடை இடுக்கில் விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் போனால் அதுதான் விஷயம். நல்ல வைர மரத்தில் செதுக்கிய ஆப்பை வைத்து இடைவெளியை அடைத்துவிட்டு மறுபடி அளந்தால், மூன்றும் ஒன்றாக இறங்குவது தெரியும். இந்த வேலையில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற திருப்தி வேறு இல்லை.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. உளுத்த உத்திரம் பக்கத்து உத்திரங்களோடு பலகையால் கட்டுண்டு அவற்றோடு சேர்ந்தே இறங்கும். எண்கள் ஒரே மாதிரி வரும், ஆனால் அது எடை சுமப்பதே இல்லை. அதனால் பாலத்தின் நடுக்கோட்டில் மட்டும் வண்டியை ஓட்டாமல், ஒவ்வொரு உத்திரத்துக்கும் நேர் மேலே சக்கரம் வருகிற மாதிரி தள்ளித் தள்ளி நிறுத்தி அளக்க வேண்டும்.

பாலம் ஏற்கெனவே நடுவில் பள்ளமாகத் தெரிகிறது.

அது பழைய தொய்வு, இன்றைய எடையால் வருவது வேறு. ரெண்டு நுனிக்கும் நூல் இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். வருடா வருடம் அது கூடினால் கவலைப்படலாம்.

என்ன மரம் என்று யாருக்கும் தெரியவில்லை. கணக்குக்கு என்ன எண் போடுவது?

பழைய ஆட்கள் தேக்கு என்பார்கள். செதுக்கிப் பார்த்தால் இருள் என்கிற மரமாகவோ மருதாகவோ வேங்கையாகவோ இருக்கும். ஐ.எஸ். 883 கட்டுமான மரங்களை யங் குணகத்தை வைத்து மூன்று தொகுதியாகப் பிரிக்கிறது: 12,600க்கு மேல் ஒன்று, 9,800 முதல் 12,600 வரை ஒன்று, 5,600 முதல் 9,800 வரை ஒன்று. தெரியாத மரத்துக்கு நான் நடுத்தொகுதியின் அடிமட்ட எண்ணை எடுத்துக்கொள்வேன். கையகல வில்லை ஒன்றை வெட்டி டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ அனுப்பினால் மரம் இன்னதென்று சொல்லிவிடுவார்கள்.

வண்டி போகும்போது சத்தம் வருகிறது.

கிறீச்சென்று பலகை உரசுகிற சத்தம் பரவாயில்லை. படக்கென்று ஒற்றைச் சத்தம் வந்தால் எடையை உடனே எடுங்கள்.

அடியில் தண்டவாளம் ஒன்றைக் கொடுத்து முட்டு வைத்திருக்கிறோம். இப்போது பாதுகாப்புதானே?

தண்டவாளம் மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் உதவும். எஃகு மரத்தைவிட ஏறக்குறைய இருபது மடங்கு விறைப்பு. ஆனால் பெரும்பாலும் ரெண்டுக்கும் இடையில் விரல் நுழைகிற சந்து இருக்கும். அப்படியென்றால் அது மனநிம்மதிக்கு வைத்தது. ரெண்டிலும் தனித்தனி கேஜ் வைத்து அளந்தால் உண்மை தெரியும்.

நாங்களே அளக்கலாமா? யாரிடமாவது கேட்க வேண்டுமா?

தோட்டத்துக்குள் உள்ள சொந்தப் பாலத்தில் தண்ணீர் டேங்க் வைத்து ரெண்டு டன் வரை அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. பஞ்சாயத்துப் பாலம், வனத்துறை ரோடு, பொதுமராமத்து ரோடு என்றால் அவர்களைக் கேட்காமல் வண்டி ஏற்றக்கூடாது. லாரியை வைத்துச் சோதனை என்றால் எந்தப் பாலமானாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி அவர் கையெழுத்துப் போடட்டும். முள் ஓடும்போது நிறுத்தலாமா வேண்டாமா என்று கூட்டம் போட நேரம் இருக்காது.

அளந்து முடித்தபின் போர்டில் என்ன எழுதுவது?

மொத்த எடையை மட்டும் எழுதாதீர்கள், அச்சு எடையையும் எழுதுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிகளில் மரப்பாலங்களுக்குச் சாதாரணமாக எடுக்கும் பி வகுப்புச் சுமையில் கனமான அச்சே 6.8 டன்தான். நீங்கள் சோதித்ததில் முள் ஒழுங்காகத் திரும்பிய அதிகபட்ச அச்சு எடை எதுவோ, அதில் பாதியைப் போர்டில் போடுவது என் பழக்கம். 4 டன்னுக்கு ஒழுங்காகத் திரும்பினால் “அச்சு எடை 2 டன்”. தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள், ரெண்டு பக்கத்து டிரைவரும் வருவார்கள். போர்டைப் படிக்காதவரும் வருவார் என்பதால், ரெண்டு கரையிலும் இரண்டடி ஆழத்துக்குக் கல்தூண் நட்டு, நடுவில் 2.1 மீட்டர் மட்டும் விட்டுவிடுங்கள். ஜீப்பும் பிக்அப்பும் நுழையும், டிப்பர் நுழையாது.